இலக்கமுறைப் படங்களைச் செதுக்கலும் அளவு மாற்றலும்

இலக்கமுறைப் படம் பிக்சல் எனப்படும் சிறு நிறப் புள்ளிகளால் ஆனது. வேண்டாத ஓரங்களை வெட்டி நீக்குதல் செதுக்கல் ஆகும். முழுப் படத்தையும் வைத்துக்கொண்டு பிக்சல்களின் எண்ணிக்கையைக் கூட்டுதல் அல்லது குறைத்தல் அளவு மாற்றல் எனப்படும்.

உதாரணம்: 2400 × 1800 பிக்சல் கொண்ட வகுப்புப் படம் ஒன்றை 6 × 4 அங்குலத் தாளில் அச்சிட வேண்டியுள்ளது. படத்தின் விகிதம் 4:3, தாளின் விகிதம் 3:2. எனவே உயரத்தில் 200 பிக்சலைச் செதுக்கி 2400 × 1600 ஆக்குக. (பின்வரிசையில் நிற்போரின் தலை தப்புகிறதா எனப் பார்த்துக்கொள்க!) இப்போது அங்குலத்துக்கு 2400 ÷ 6 = 400 பிக்சல் கிடைக்கும். தெளிவான அச்சுக்கு 300 போதுமானது.

அப்படத்தில் ஒருவரின் முகத்தை மட்டும் 600 × 400 ஆகச் செதுக்கினால், திரையில் நன்றாகவே தெரியும். ஆனால் அதே தாளில் அச்சிடும்போது அங்குலத்துக்கு 100 பிக்சலே கிடைப்பதால் படம் மங்கும். மென்பொருளில் 1800 × 1200 ஆகப் பெருப்பித்தாலும் பயனில்லை. புதிய பிக்சல்கள் அயலிலுள்ள நிறங்களைக் கொண்டு நிரப்பப்படுபவையே. கமரா பதியாத விபரம் அவற்றில் இராது.

மாணவர் இடறும் இடம்: பிக்சல் எண்ணிக்கையை மாற்றாது, அங்குலத்துக்கான பிக்சல் பெறுமானத்தை மட்டும் 300 இலிருந்து 72 ஆக்கினால் கோப்பு சிறுக்காது, அச்சின் அளவே பெருக்கும்.

திரைக்காகச் சிறிதாக்கிய படத்தை வேறு பெயரில் சேமிக்குக. மூலக் கோப்பின்மேல் சேமித்தால், இழந்த பிக்சல்களை மீளப் பெறமுடியாது.