குருவிட்டையில் வழிகாட்டத் தொடங்கும் இளைஞருக்கு

இரத்தினபுரி மாவட்டத்தின் குருவிட்டையில் பசுமைச் சுற்றுலாவுக்கு வேண்டியவை அருகருகே கிடக்கின்றன. குரு கங்கை அரசிலை வடிவில் 30 மீற்றர் விழும் போபத் எல்ல நீர்வீழ்ச்சி. 30,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட நுண்கற்கருவிகள் கிடைத்த பட்டதொம்பலென குகை. 2010இல் உலக மரபுரிமையான மலைக்காட்டின் வழியே, எரத்னவிலிருந்து சிவனொளிபாத மலைக்கு ஏறும் நெடும்பாதை.

இவற்றை நம்பித் தொழில் தொடங்கும் இளைஞருக்குக் கையேடுகள் முதலில் சொல்வது வீட்டுத் தங்கல். சொந்தக் காணி உள்ள கிராமத்தவருக்கு அது சரி. தோட்டத்து லய அறையில் வாழும் குடும்பத்துக்குச் சரிவராது. அந்த அறை தோட்டத்துக்குச் சொந்தம். காணியோடு தனிவீடு என்ற திட்டமும் இன்னும் எல்லோரையும் எட்டவில்லை. வீட்டை வைத்தே திட்டம் போட்டால் தோட்டத்து மக்கள் வேடிக்கை பார்ப்பவர்களாகவே நிற்பார்கள்.

அவர்களிடம் இருப்பது மலையைப் பற்றிய அறிவும் சில மாதங்களின் ஓய்வும். விடியுமுன் இறப்பர்ப் பால்வெட்டப் போகிறவர் நண்பகலுக்குள் பாலை ஒப்படைத்துவிடுகிறார். பெப்ரவரி, மார்ச்சில் இறப்பர் இலையுதிர்க்கும்போது பாலும் குறையும், வருமானமும் குறையும். டிசம்பர்ப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரை நீளும் சிவனொளிபாத மலை யாத்திரைக் காலத்தின் நடுப்பகுதி அதுதான். வழிகாட்டல், சுமை தூக்கல், ரொட்டியும் சம்பலும் பிளேன்டீயும் கொடுத்தல் என்று வேலைகளை அந்த மாதங்களில் வைக்கவேண்டும். கூலியைத் தோட்டத் தலைவரோடு மட்டும் பேசி முடிப்பது தவறு. பெண்களும் வரக்கூடிய ஞாயிற்றுக்கிழமையில், கோயில் முற்றத்தில், எல்லோர் முன்னும் பேசி எழுதிக்கொள்வதே முறை.

தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண்ணைப் படம்பிடிக்க நிறுத்துவதற்கும் விலை உண்டு. குறித்த கிலோ சேராவிட்டால் அவருடைய நாள் 'அரைப்பேர்', அதாவது அரைநாள் கூலி, ஆகிவிடும். பயணியின் ஒரு படத்துக்காக அவர் நிறுவையில் குறையக்கூடாது. முதலில் சம்மதம் கேட்கவேண்டும். நின்ற நேரத்துக்குப் பணமும் கொடுக்கவேண்டும்.

தண்ணீரில் கூடுதல் கவனம் தேவை. மேலே மழை பெய்தால் போபத் எல்லவில் நீர் சட்டென்று ஏறும். அப்போது யாரையும் குளிக்க விடக்கூடாது, பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தாலும் சரி. எரத்னப் பாதையில் அட்டைக்குப் பயந்து காலில் சவர்க்காரம் பூசிக்கொள்கிறார்கள். பிறகு ஓடையில் இறங்கிக் கழுவுகிறார்கள். அந்த நீர்தான் கீழே களு கங்கைக்குப் போகிறது. கரையிலிருந்து தள்ளி ஒரு வாளி வைத்து, அங்கே கால் கழுவச் சொன்னால் போதும்.