பழவேற்காடு: கேள்விப்பட்டதும் உள்ளதும்

திருத்தணியில் சிநேகிதர் யாராவது இருந்தால் நம்மவர்கள் காலையில் போய் இறங்குவார்கள், மலையேறிச் சாமி கும்பிடுவார்கள், மதியம் அவர் வீட்டில் ஒரு பிடி பிடித்துவிட்டுச் சாயங்கால ரயிலில் திரும்பிவிடுவார்கள். இரண்டு நாள் கூடத் தங்கிக் கடற்கரை, பறவை என்று சுற்றிவிட்டு வரலாமே என்றால், “திருத்தணியில ஏதுங்க கடல்?” என்று சிரிப்பு வேறு. முதலில் அதைத் திருத்திவிடுவோம்.

1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் திருத்தணி. ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டமும் படாஸ்கர் தீர்ப்பும் அதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தன. இன்று அது இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்துக்குக் கிழக்கு எல்லையே வங்கக் கடல்தான். அங்கே, மறுபடியும் ஆந்திர எல்லையை ஒட்டியே, பழவேற்காடு. பொன்னேரி வழியாக ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். ரயில்தான் வசதி என்றால் பேசின் பிரிட்ஜில் இறங்கிக் கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறலாம், பொன்னேரியிலிருந்து பஸ். நமக்குத்தான் இது சுற்றுவழி. பிச்சாட்டூர், நாகலாபுரம் பக்கம் பெய்கிற மழை ஆரணியாற்றில் இறங்கி, ஊத்துக்கோட்டையைத் தாண்டி நேரே பழவேற்காடு ஏரிக்குத்தான் வருகிறது.

ஏரி என்கிறோமே தவிர, குடிக்கிற தண்ணீர் இல்லை. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக நாட்டின் பெரிய உவர்நீர்க் காயல் இது. பெரும்பகுதி ஆந்திராவில் கிடக்கிறது. தெற்கு நுனிதான் நம்முடையது.

இனி பறவைகள். இதில்தான் கதைகள் அதிகம். “எல்லாம் ஆஸ்திரேலியாவிலிருந்து வருது சார்” என்று வேடந்தாங்கலில் கேட்ட அதே வசனத்தை இங்கேயும் கேட்கலாம். இங்கே எல்லோரும் பார்க்க வருகிற பூநாரையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் இன்று காட்டுப் பூநாரை ஒன்றுகூடக் கிடையாது. நம் நாட்டில் பூநாரைகள் கூட்டமாக முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது குஜராத்தின் கட்ச் ரண் பகுதியில். பழவேற்காட்டுக்கு அவை வருவது வயிற்றுப்பாட்டுக்கு. ஆந்திரப் பக்கம் சூளூர்ப்பேட்டைக்கு வடக்கே நேலப்பட்டில் மரத்துக்கு மரம் உட்கார்ந்திருக்கும் கூழைக்கடாவோ அங்கேயே கூடு கட்டிக் குடும்பம் நடத்துகிற உள்ளூர்வாசி. உண்மையிலேயே வடக்கே மத்திய ஆசியா, சைபீரியா என்று நெடுந்தூரம் தாண்டி வருகிறவை ஊசிவால் வாத்தும் சின்னச் சின்னக் கரைப்பறவைகளும்தான். பாவம், அவற்றை யாரும் படம் எடுப்பதில்லை.

ரீல்ஸில் பார்த்த ரோஸ் நிறத்தை எதிர்பார்த்துப் போய் ஏமாறுகிறவர்களும் உண்டு. தூரத்தில் நிற்கிற கூட்டம் வெள்ளைக் கோடு மாதிரிதான் தெரியும். பெரிய பூநாரையின் உடம்பு வெளிறிய நிறம்; அடர்ந்த சிவப்பும் கறுப்பும் இறக்கைக்குள் மடங்கிக் கிடக்கும். பறக்கும்போதுதான் அது விரியும். அந்த நிறமும் பிறவியிலேயே வருவதில்லை. குஞ்சு சாம்பல் நிறத்தில் இருக்கும். பாசியிலும் சிறு இறால் வகைகளிலும் உள்ள நிறமி உடம்பில் சேரச் சேர, இரண்டு மூன்று வருடங்களில் சிவப்பு ஏறும். ஒரு பைனாகுலர் கிடைத்தால் அது இரை தின்பதைப் பாருங்கள். காலால் சேற்றை மிதித்துக் கலக்கும். தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, நாக்கால் நீரை இழுத்து இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்துச் சல்லடையில் மாட்டுவதுதான் சாப்பாடு.

இதைப் புரிந்துகொண்டால், “பொங்கல் லீவுல போனா கண்டிப்பாப் பார்க்கலாம்” என்பது ஏன் சரியில்லை என்பதும் விளங்கிவிடும். பூநாரைக்குத் தேவை தேதி அல்ல, கால் எட்டுகிற ஆழம். வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்த வருடத்தில் ஏரி நிரம்பி நிற்கும். பறவை ஆழம் குறைந்த இடத்தைத் தேடி ஆந்திரப் பக்கம் ஒதுங்கிவிடும். தண்ணீர் வடிய வடியத்தான் சேறு தெரியும், கூட்டம் சேரும். என் கணக்கில் ஜனவரிக் கடைசியும் பிப்ரவரியும்தான் நல்ல நேரம். இன்னொரு லாபமும் உண்டு. டிசம்பர் 31 படித்திருவிழாவுக்குத் திருத்தணியின் 365 படிகளிலும் பஜனைக் கோஷ்டிகள் நிறைந்திருக்கும். அந்தச் சமயத்தில் போய் நின்றால் சிநேகிதர் வீட்டில் திண்ணைதான் கிடைக்கும்.

“படகுல போனாத்தான் கிட்டப் பார்க்க முடியும்” என்பதுதான் ஆபத்தான நம்பிக்கை. 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. ‘முழங்கால் தண்ணிதானே’ என்று கரையில் யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். காயலில் பல இடங்களில் ஆழம் குறைவு என்பது நிஜம். ஆனால் முகத்துவாரத்தருகே வற்றம் இறங்கும்போது இழுப்பு வேறு மாதிரி இருக்கும், அடியில் சேறு வேறு. போகட்டும், படகு நெருங்கினால் பறவைதான் நிற்குமா? மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும், நமக்கு மிஞ்சுவது முதுகுதான். சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகிற சாலை ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. தண்ணீர் தோதாக இருந்தால் அந்தச் சாலையோரத்தில் நின்றே இரண்டு பக்கமும் பார்க்கலாம்.

ராக்கெட் சத்தத்தில் பறவைகள் ஓடிவிட்டன என்பார்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் 1971 முதல் ராக்கெட் கிளம்பிக்கொண்டிருக்கிறது, பூநாரையும் வந்துகொண்டுதான் இருக்கிறது. முகத்துவாரம் மணல் மூடிக் கடல்நீர் வரத்து குறைவதுதான் பறவைக்கும் மீனவருக்கும் பெரிய கவலை.

கடற்கரைக்குப் பாலத்தைத் தாண்டி லைட் ஹவுஸ் குப்பம் பக்கம் போக வேண்டும். மெரினா மாதிரி சுண்டல், ராட்டினம் எதுவும் எதிர்பார்க்காதீர்கள். நடக்கலாம், உட்காரலாம், காற்று வாங்கலாம். குளிப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

ஊருக்குள் இருக்கும் பழைய கல்லறையை ‘வெள்ளைக்காரன் கல்லறை’ என்று சொல்லி ஆங்கிலேயர் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அது டச்சுக்காரர்களுடையது. 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரை வியாபாரத்துக்கு இதையே தலைமையிடமாக வைத்திருந்தார்கள். துணி மட்டும் போகவில்லை, அடிமைகளாக மனிதர்களும் இங்கிருந்து கப்பலேறினார்கள். கல்லறை வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். சாவை நினைவூட்ட ஐரோப்பியர்கள் அந்தக் காலத்தில் வைத்த வழக்கம் அது.

கடைசியாக ஒன்று. ஏரி பொதுச்சொத்து, யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை போடலாம் என்று நினைக்கிறோம். இங்கே ‘பாடு’ என்றொரு முறை பல தலைமுறையாக நடக்கிறது. எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்று குப்பத்து மீனவர்கள் தங்களுக்குள்ளேயே குலுக்கல் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். இறால் நன்றாகப் படும் இடம் ஒருவருக்கே போய்ச் சேராமல் இருக்க இந்த ஏற்பாடு. சென்னையிலிருந்து தூண்டிலோடு போய் இறங்குகிற நம்மை அவர்கள் ஒரு மாதிரி பார்த்தால், காரணம் இதுதான்.