பல் கம்பி அணிந்தோர் பற்களைப் பேணும் முறை



பற்களை முத்துக்கும் முல்லை அரும்புக்கும் ஒப்பிட்டுப் புலவர்கள் புகழ்ந்தனர். ஆயினும், எல்லாருக்கும் பற்கள் முத்துக் கோத்தாற்போல் வரிசையாக அமைந்துவிடுவதில்லை. சிலருக்குப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். சிலருக்கு மேற்பற்கள் முன்னே துருத்தி நிற்கும். வேறு சிலருக்கு இடைவெளி விட்டுத் தள்ளித் தள்ளி முளைத்திருக்கும். தாடை சிறிதாகவும் பற்கள் பெரிதாகவும் அமைதல், பாற்பல் உரிய காலத்திற்கு முன்பே சொத்தையாகி விழுந்துவிடுதல், நெடுநாள் விரல் சூப்புதல் ஆகியன இதற்குரிய காரணங்களுட் சில. இவ்வாறு வரிசை பிறழ்ந்த பற்களைச் சீர்செய்யவே பல் கம்பி அணிவிக்கப்படுகிறது.

முன்னாளில் நம் பள்ளிகளில் கம்பி அணிந்த மாணவரைக் காண்பது அரிது. இன்றோ ஆறாம் ஆண்டு வகுப்பிலேயே ஓரிருவரைக் காண்கிறோம். இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிட்ட அண்ணன்மார், அக்காள்மார் பலர் அணிந்திருக்கின்றனர். அரசாங்கப் பல் நிபுணரிடம் முறை வருவதற்கு நெடுநாள் காத்திருக்க வேண்டும். தனியார் மருத்துவரிடம் சென்றாலோ பல ஆயிரம் வெள்ளி செலவாகும். இரண்டில் எதுவாயினும் பெற்றோர்க்கு அஃது எளிய செயலன்று.

அவ்வாறு அரிதின் முயன்று கம்பி அணிவிக்கப்பட்ட மாணவி ஒருத்தியை நாம் அறிவோம். இரண்டு ஆண்டுகள் கழித்துக் கம்பியைக் கழற்றிய நாளில் அவளுடைய பற்கள் அடிக்கோல் வைத்துக் கோடிட்டாற்போல் நேராக இருந்தன. ஆனால், ஒவ்வொரு முன்பல்லிலும், கம்பி இருந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு தீட்டியது போன்ற வெண்திட்டு ஒன்று காணப்பட்டது. பல் கோணியிருந்தபோது வாயை மூடிச் சிரித்தவள், பல் நேரான பின்னரும் வாயை மூடியே சிரித்தாள். பற்களை நேராக்குவது மருத்துவர் வேலை. அவற்றைக் கெடாமல் காப்பது அணிந்தவர் வேலை. அந்த இரண்டாம் வேலையைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

முதலில், கம்பி எவ்வாறு பல்லை நகர்த்துகிறது என்பதனை அறிந்துகொள்வோம். பிரெஞ்சு நாட்டுப் பல் மருத்துவர் பியேர் போஷார் என்பவர் 1728ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலேயே, பற்களை வரிசைப்படுத்தும் உலோகப் பட்டையைப் பற்றி எழுதியுள்ளார். இக்காலத்தில் ஒவ்வொரு பல்லின் முகப்பிலும் ஒரு சிறு பிடிப்பானை ஒட்டி, அவை அனைத்தையும் ஒரே கம்பியால் இணைக்கின்றனர். பிடிப்பானை மருத்துவர்கள் பிராக்கெட் என்பர். பல் என்பது சுவரில் அடித்த ஆணி போன்றதன்று. அதன் வேருக்கும் தாடையெலும்புக்கும் இடையே மெல்லிய நார்கள் உள்ளன. கம்பி மெல்ல அழுத்தும்போது, அழுத்தப்படும் பக்கத்தில் எலும்பு கரைந்து இடம் விடுகிறது. மறுபக்கத்தில் புதிய எலும்பு வளர்ந்து இடத்தை நிரப்புகிறது. இவ்வாறு திங்களொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அளவே பல் நகரும். ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு எனச் சிகிச்சை நீள்வது இதனாலேயே ஆகும். அவசரப்படுத்தினால் வேருக்குக் கேடு விளையும்.

இனி, இடர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நம் வாயில் எந்நேரமும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவை பல்லின்மேல் பிசுபிசுப்பான படலமாகப் படிந்து, நாம் உண்ணும் சர்க்கரையைத் தாமும் உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. வாயின் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கினால், பல்லின் மேலோடாகிய எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரையத் தொடங்கும். உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்துப் பழைய நிலைக்குக் கொணர அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். கம்பி இல்லாத பல்லை நாக்கும் உமிழ்நீரும் ஓரளவு கழுவிவிடுகின்றன. கம்பி அணிந்த வாயிலோ, பிடிப்பானின் நான்கு புறமும் சந்து பொந்துகள். சோற்றுப் பருக்கையும் ரொட்டித் துணுக்கும் அங்கே குடியேறிவிடுகின்றன. துப்புரவு குறைந்தால், கம்பி அணிந்த நான்கே வாரத்தில் வெண்திட்டு தோன்றக்கூடும். அப்படியே விட்டால் அது குழியாகும். அம்மாணவியின் பற்களில் கண்ட சுண்ணாம்பு நிறம் இவ்வாறு வந்ததே. அதனை எந்தப் பற்பசை கொண்டு தேய்த்தாலும் முற்றாகப் போக்குதல் அரிது.

ஆதலின், பல் துலக்குவதில் நாம் முன்னினும் பன்மடங்கு கருத்துச் செலுத்துதல் வேண்டும். காலையில் ஒருமுறை, இரவு படுக்கைக்குச் செல்லுமுன் ஒருமுறை என்பது மிகக் குறைந்த அளவாகும். உறங்கும்போது உமிழ்நீர் குறைவாகவே சுரக்குமாகையால், இரவுத் துலக்கலை ஒருநாளும் விடலாகாது. முதலில் ரப்பர் வளையங்களைக் கழற்றிவிட்டு, வாய் நிறைய நீர் எடுத்து நன்கு கொப்புளிக்க வேண்டும். இதிலேயே பாதித் துணுக்குகள் வெளியேறிவிடும். பின்னர், மென்மையான தூரிகையை ஈறும் பல்லும் சேரும் ஓரத்தில் 45 பாகை சாய்த்து வைத்து, சிறு சிறு வட்டமாகத் தேய்க்க வேண்டும். அடுத்து, தூரிகையை மேலிருந்து கீழாகச் சாய்த்துப் பிடிப்பானின் மேல் விளிம்பையும், கீழிருந்து மேலாகச் சாய்த்துக் கீழ் விளிம்பையும் துலக்க வேண்டும். பலர் கம்பியின் முகப்பை மட்டும் பளபளக்கத் தேய்த்துவிட்டு ஓடிவிடுகின்றனர். நோய் முகப்பில் இல்லை, விளிம்பில் இருக்கிறது. அதன் பின்னரே மெல்லும் பரப்பும் உட்புறமும்.

கம்பிக்கு அடியில் பெரிய தூரிகை நுழையாது. புட்டி கழுவும் தூரிகையைச் சிறிதாக்கினாற்போன்ற ஒரு குட்டித் தூரிகை மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. அதனைக் கம்பிக்கும் பல்லுக்கும் இடையே மெல்லச் செலுத்தி எடுக்க வேண்டும். பற்களின் இடுக்கிற்கு நூல் உண்டு. நூலைக் கம்பிக்கு அடியில் கோக்க ஊசி போன்ற ஒரு சிறு கருவியும் உண்டு. முதல் வாரம் இது பொறுமையைச் சோதிக்கும். பிறகு கை பழகிவிடும். இறுதியாகக் கண்ணாடி முன் நின்று பார்த்தல் வேண்டும். ஒவ்வொரு பிடிப்பானின் ஓரமும் தெளிவாகத் தெரிந்தால் வேலை முடிந்தது. மங்கலாகத் தெரிந்தால் மீண்டும் தொடங்க வேண்டியதுதான். பற்பசையில் புளோரைடு இருத்தல் இன்றியமையாதது. துலக்கிய பின் நுரையைத் துப்பினாற் போதும். நீர் விட்டு அலசி அலசிக் கொப்புளித்தால் அந்த மருந்தும் போய்விடும். கம்பியில் உரசுவதால் தூரிகை விரைவில் தேய்ந்துவிடும். மயிர்கள் விரிந்ததும் மாற்றிவிடுக.

நம் பாட்டிமார் வேப்பங்குச்சியாலும் உப்புக் கலந்த கரித்தூளாலும் பல் விளக்கினர். அவர்தம் பற்கள் உறுதியாக இருந்ததனையும் கண்டுள்ளோம். ஆயினும், குச்சி கம்பிக்கு அடியில் புகாது. கரித்தூளோ சந்துகளில் அடைந்துகொண்டு எனாமலை உராயும். இதனைப் பாட்டியிடம் பணிவாகச் சொல்லுங்கள்.

துலக்கும்போது ஈற்றில் இரத்தம் கசிந்தால், புண் என்று அஞ்சிப் பல் துலக்குவதையே சிலர் நிறுத்திவிடுகின்றனர். இது பெருந்தவறு. பெரும்பாலும் அங்கே படலம் சேர்ந்து ஈறு வீங்கியிருப்பதனாலேயே இரத்தம் வருகிறது. அவ்விடத்தை மென்மையாக, ஆனால் விடாது துலக்கிவந்தால் சில நாள்களில் நின்றுவிடும். நிற்காவிடில் மருத்துவரிடம் கூற வேண்டும்.

உணவைப் பற்றிச் சொல்லப் புகுந்தால், கம்பி அணிந்தவருக்குத் தீபாவளி சற்றுச் சோதனையான நாளே! முறுக்கைக் கடித்தால் பிடிப்பான் பெயர்ந்துவிடும். பொருவிளங்காய் உருண்டையை நினைக்கவே வேண்டா. பொங்கலன்று கரும்பைப் பல்லால் உரித்தலும் ஆகாது. வறுத்த கச்சாங், கோழி எலும்பு, பனிக்கட்டித் துண்டு ஆகியனவும் அவ்வாறே. ஐஸ் கச்சாங் உண்ணலாமா என்று ஒரு மாணவர் வினவினார். பனித்தூள் கம்பியை உடைக்காது. அதன்மேல் ஊற்றும் சர்க்கரைப் பாகுதான் பல்லை அரிக்கும். டோடோல், இழுவை மிட்டாய், சூயிங்கம் ஆகிய ஒட்டும் பண்டங்கள் கம்பியை இழுத்து வளைப்பதோடு நெடுநேரம் ஒட்டிக்கொண்டும் இருக்கும். ஆப்பிள், கொய்யா, மாங்காய் முதலியவற்றை முன்பல்லால் கடியாது, துண்டு துண்டாக நறுக்கிக் கடைவாயில் மெல்லலாம். இட்டிலி, இடியாப்பம், புட்டு, தோசை எல்லாம் நமக்கு நண்பர்களே. பென்சிலையும் நகத்தையும் கடிக்கும் பழக்கம் இருப்பின் இன்றே விட்டொழிக்க.

சிற்றுண்டிச்சாலையில் விற்கும் இனிப்பு நீரை ஒரே மூச்சில் குடிப்பதைவிட, மணிக்கணக்கில் சிறிது சிறிதாகப் பருகுவதே கூடுதல் கேடு. ஒவ்வொரு மிடறும் அமிலத்தைப் புதுப்பிக்கிறது. தாகத்திற்கு வெறும் நீரே சிறந்தது. உணவு இடைவேளை முடிந்ததும் குழாயடியில் நின்று நன்கு கொப்புளித்துவிட்டு வகுப்புக்குச் செல்லலாம். வெள்ளை ரப்பர் வளையங்கள் நம் வீட்டுக் கறியிலுள்ள மஞ்சளால் நிறம் மாறும். அஃது அழுக்கன்று, நோயுமன்று. அடுத்த முறை வளையம் மாற்றும்போது நிறம் போய்விடும். சாம்பல் நிற வளையம் கேட்டால் அக்கவலையும் இல்லை.

கம்பி அணிந்த முதல் மூன்று நான்கு நாள்களில் வலி இருக்கும். கஞ்சியும் குழைந்த சோறும் அப்போது உதவும். கன்னத்தில் உரசிப் புண்ணானால், மருத்துவர் தரும் மெழுகைச் சிறு உருண்டையாக்கிப் பிடிப்பானின்மேல் ஒட்டலாம். வெதுவெதுப்பான உப்பு நீரால் கொப்புளிக்கலாம். பிடிப்பான் கழன்றாலோ கம்பி முனை குத்தினாலோ நாமே வெட்டவும் பிடுங்கவும் கூடாது. அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திராமல் மருத்துவ நிலையத்திற்குத் தெரிவிக்க வேண்டும். ஒவ்வோர் உடைப்பும் சிகிச்சைக் காலத்தை நீட்டுகிறது.

மற்றொன்றையும் கூறியாக வேண்டும். குறைந்த விலையில் அழகுக்காகக் கம்பி ஒட்டித் தருவதாகச் சிலர் விளம்பரம் செய்கின்றனர். பயிற்சியில்லாத கை இழுக்கும் கம்பி, நல்ல பல்லையும் வேரோடு ஆட்டிவிடும். பதிவு பெறாதவர் பல் மருத்துவம் செய்வது 2018ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டத்தின்படி குற்றமாகும். வண்ண வண்ணமாக இருக்கிறதே என்று மயங்கி அவ்விடம் செல்ல வேண்டா.

கம்பியைக் கழற்றியதும் வேலை முடிந்தது என எண்ணிவிடாதீர். நகர்ந்த பற்கள் பழைய இடத்தை நாடித் திரும்பப் பார்க்கும். அதனைத் தடுக்கவே மருத்துவர் ரிட்டெய்னர் என்னும் தகட்டைத் தருகிறார். அவர் கூறும் காலம்வரை அதனை அணிதல் வேண்டும். உண்ணும்போது கழற்றிக் காகிதத்தில் சுற்றி மேசைமேல் வைப்போர் பலர். மணி அடித்ததும் அக்காகிதம் குப்பைத் தொட்டிக்குப் போய்விடும். பிறகு தொட்டியைக் கிளறிக்கொண்டு நிற்பர். அதற்கென்றே தரும் சிறு பெட்டியில் வைத்துப் பைக்குள் இடுக. தூரிகையும் குளிர்ந்த நீரும் கொண்டே அதனைக் கழுவ வேண்டும். வெந்நீர் பட்டால் தகடு வளைந்து பல்லில் பொருந்தாமற் போய்விடும்.