பத்தாயிரம் அடி: யார் போட்ட சட்டம்?

இரவு பத்தே முக்கால். ஊரிலிருந்து வந்திருந்த சித்தப்பா அடுக்களைக்கும் பால்கனிக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார். கையில் போன், வலது முட்டியில் எலாஸ்டிக் உறை. அந்த முட்டி வலிக்காகத்தான் பிசியோதெரபிஸ்டான என்னைப் பார்க்கவே வந்திருந்தார். போனில் 8,760. "இன்னும் ஆயிரத்து இருநூத்துச் சொச்சம் இருக்குப்பா, நீ போய்ப் படு" என்றார்.

தினமும் பத்தாயிரம் அடி நடக்காவிட்டால் நடந்ததே வீண் என்கிறார்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இதைச் சொல்கிறார்கள். யார் சொன்னது என்று கேட்டால் போனைக் காட்டுகிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. மறு வருடம் யமாசா என்ற ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டும் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் மான்போ-கேய், 'பத்தாயிரம் அடி மானி' என்று பொருள். சொல்லவும் நினைவில் வைக்கவும் வாகான எண், அவ்வளவுதான். விற்பனைக்கு வைத்த பெயர், சித்தப்பா வீட்டில் சட்டமாகிவிட்டது.

ஆராய்ச்சிகள் பிறகுதான் வந்தன. ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில் சராசரி வயது 72 உள்ள சுமார் 16,700 அமெரிக்கப் பெண்கள் இருந்தார்கள். நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500ஐ ஒட்டி அந்தப் பலன் சமதளமாகிவிட்டது. கிழவிகள் கணக்கு நமக்கெதற்கு என்பீர்கள். சரி, 2022இல் ஆராய்ச்சியாளர்கள் 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அறுபதைத் தாண்டியவர்களுக்கு 6,000 முதல் 8,000, அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு 8,000 முதல் 10,000 அடியோடு பலன் ஏறுவது நின்றுவிடுகிறது. அதாவது இளையவர்களுக்கே பத்தாயிரம் மேல்வரம்பு. அதைத் தொடாதவர் தேறாதவர் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. 64 வயதில், வலிக்கும் முட்டியோடு, நடுராத்திரியில் அந்தக் கடைசி ஆயிரத்து இருநூறு எதற்கு?

இந்தச் சட்டத்துக்கு ஒரு தம்பியும் உண்டு: "இன்னைக்கு நடக்கலை, அதனால ராத்திரி சாப்பாடு வேண்டாம்." கல்யாணப் பந்தியில் ஜாங்கிரி சாப்பிட்டுவிட்டு மறுநாள் இரண்டு மணி நேரம் நடப்பதும் இதே கடன் வசூல்தான். சோறு, நடந்து சம்பாதிக்கிற கூலி இல்லை. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரையோ எடுத்துக்கொண்டு இரவுச் சாப்பாட்டை விடுகிறவர்கள் மயங்கியே விழலாம். இந்தத் தவத்தை நான் ரசிக்கத் தயாரில்லை.

மற்ற நம்பிக்கைகளை மறுக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். வியர்த்தால் கொழுப்பு கரையும் என்பார்கள். போவது தண்ணீர், ஒரு சொம்பு குடித்தால் எடை திரும்பிவிடும். ராத்திரி சோறு ஆகாது, சப்பாத்திதான் என்பார்கள்; எடைக்கு எடை அரிசியும் கோதுமை மாவும் ஏறக்குறைய ஒரே கலோரி. கோதுமையில் நார்ச்சத்து கொஞ்சம் கூடுதல் என்பது உண்மை, நெய் தடவிய ஐந்தாவது சப்பாத்திக்கு அது சமாதானம் ஆகாது. ஒரு நாள் விட்டால் எல்லாம் போச்சு என்பது வெறும் பயம்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் அடிக்கணக்கே கிடையாது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சி என்கிறது. அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது. இந்த இரண்டாவதைத்தான் நம் ஊரில் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. முட்டியைத் தாங்குவது தொடையின் முன்தசை. மெதுநடை மட்டும் அதற்குப் போதாது. ஜிம்முக்குப் போகச் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தால் போதும். வலித்தால் இருக்கையில் ஒரு தலையணையைப் போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள்.

போனைக் கீழே வைத்துவிட்டு, கையூன்றாமல் அந்த நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழ முடிகிறது என்று இன்றைக்கு எண்ணிப் பாருங்கள். 8,760 அடி நடந்த சித்தப்பாவால் மூன்று தடவைதான் முடிந்தது.