உலக வர்த்தக விதிகளும் எமது தேயிலையும்

மாணவர்களே, "சர்வதேச வர்த்தக விதிகள் அபிவிருத்தியடைந்து வரும் நாடுகளைப் பாதிக்கும் விதத்தை உதாரணம் தந்து விளக்குக" என்ற வகையான வினாவுக்குப் பலர் "ஏற்றுமதி குறையும், வேலையின்மை கூடும்" என்று இரண்டு வரி எழுதி முடித்துவிடுகின்றனர். இவ்விடைக்கு அரைவாசிப் புள்ளி கிடைப்பதே கடினம். எந்த விதி, எந்த வழியாக, யாரைப் பாதித்தது என்று காட்ட வேண்டும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் வாழும் நீங்கள் உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. உங்கள் மலையிலேயே அது இருக்கிறது.

முதலில் அடிப்படை விடயம். 1948 இல் நடைமுறைக்கு வந்த 'காட்' உடன்படிக்கையின் தொடர்ச்சியாக, 1995 ஜனவரி 1 ஆம் திகதி உலக வர்த்தக அமைப்பு உருவானது. இதன் தலைமையகம் ஜெனீவாவில் உள்ளது. இலங்கை ஆரம்பத்திலிருந்தே உறுப்பு நாடாகும். உறுப்பு நாடுகளிடையே பாரபட்சம் காட்டக்கூடாது என்பது இதன் பிரதான விதி. அபிவிருத்தியடைந்து வரும் நாடுகளுக்குச் சில விசேட சலுகைகளும் உண்டு. இவ்வளவும் பாடநூலிலேயே உள்ளது, மனனம் செய்துகொள்ளுங்கள்.

தேயிலையைப் பொறுத்தவரை இன்று பெரிய தடை தீர்வை அல்ல, தர விதியாகும். மனிதர், விலங்கு, தாவரம் ஆகியவற்றின் சுகாதாரத்தைப் பாதுகாக்க, விஞ்ஞான ஆதாரத்தின் அடிப்படையில் ஒவ்வொரு நாடும் இறக்குமதிக்கு நிபந்தனை விதிக்கலாம் என்று உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கை ஒன்று அனுமதிக்கிறது. யப்பான் 2006 இல் ஒரு முறையைக் கொண்டுவந்தது. தனியாக எல்லை குறிக்கப்படாத எந்த விவசாய இரசாயனமும் உணவில் 0.01 பி.பி.எம். அளவுக்கு மேல் இருக்கக்கூடாது. அதாவது பத்துக் கோடியில் ஒரு பங்கு.

இனி நடந்ததைப் பாருங்கள். வடமத்திய மாகாணத்தில் பரவிய சிறுநீரக நோய்க்குக் காரணமாயிருக்கலாம் என்ற அச்சத்தில், 2015 இல் இலங்கை கிளைபோசேட் களைநாசினியைத் தடைசெய்தது. தடை வந்தாலும் தேயிலை மலையில் புல் முளைப்பது நிற்கவில்லை. கையால் புல் வெட்ட ஆட்கூலி அதிகம், ஆட்களும் போதாது. ஆகவே சில இடங்களில் எம்.சி.பி.ஏ. போன்ற வேறு களைநாசினிகளை அடித்தனர். அதன் எச்சம் யப்பானின் எல்லையைத் தாண்டியதால் எமது தேயிலைக்கு அங்கே சிக்கல் எழுந்தது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் கிளைபோசேட் பயன்படுத்த அரசாங்கம் மீண்டும் அனுமதி வழங்கியது. சிறுநீரக நோய்க்கு அஞ்சி நிறுத்திய மருந்து ஏற்றுமதிக்காகத் திரும்பி வந்தது. இதனால் முதலில் யாருக்குப் பாதிப்பு? மருந்துத் தாங்கியை முதுகில் சுமந்து அடிப்பவருக்கு என்பதே என் கருத்து.

யப்பானின் விதி அநியாயம் என்று எழுதிவிடாதீர்கள். நஞ்சு கலந்த தேநீரை யாரும் குடிக்கமாட்டார்கள். விதி எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான். அதைக் கடைப்பிடிக்கும் செலவுதான் ஒன்றல்ல. சப்ரகமுவவில் கொழுந்தில் பெரும்பங்கு சிறுதோட்டக்காரர்களிடமிருந்து வருகிறது. தொழிற்சாலையில் பலருடைய கொழுந்தும் ஒன்றாகக் கலக்கப்படும். ஒருவர் தவறான மருந்து அடித்திருந்தால் மற்றவர்களின் உழைப்பும் சேர்ந்து நிராகரிக்கப்படலாம். அதைக் கண்டறிய ஆய்வுகூடம் வேண்டும். கால் ஏக்கர் வைத்திருப்பவர் ஆய்வுகூடத்துக்கு எங்கே போவார்? இந்த ஒரு காரணத்தை விடையில் தெளிவாக எழுதினால் போதும்.

அடுத்த உதாரணம் ரஷ்யா. எமது தாழ்நிலத் தேயிலையை விரும்பி வாங்கும் நாடுகளில் அதுவும் ஒன்று. தேயிலைப் பொதியில் கப்ரா வண்டு காணப்பட்டதாகக் கூறி, 2017 டிசம்பர் 18 முதல் இலங்கைத் தேயிலைக்குத் தற்காலிகத் தடை விதித்தது. அதே வேளை, 2018 ஜனவரி முதல் அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைத் தடைசெய்ய இலங்கை தயாராகிக்கொண்டிருந்தது. அஸ்பெஸ்டஸ் விற்கும் முக்கிய நாடு ரஷ்யாவேதான்! வண்டுத் தடை வந்த சில நாட்களிலேயே இலங்கை அந்த முடிவைத் தளர்த்தியது. டிசம்பர் 30 முதல் ரஷ்யத் தடை நீங்கியது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று பத்திரிகைகள் எழுதின. சுகாதார விதி பேரம் பேசும் கருவியாகவும் மாறலாம் என்பதற்கு இதை உதாரணமாகக் காட்டலாம். ஆனால் "எனக் கருதப்பட்டது" என்றே எழுதுங்கள்.

கேகாலை மாணவர்கள் இறப்பரையும் சேர்த்துக்கொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் மூல இறப்பருக்குத் தீர்வை இல்லை. டயராகச் செய்து அனுப்பினால் சாதாரணத் தீர்வை உண்டு. பதப்படுத்தும் அளவுக்கேற்பத் தீர்வையும் கூடுவதால், மூலப்பொருளாகவே விற்பது இலகுவாகிறது. ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகை இந்தத் தீர்வையை நீக்குகிறது. மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றாடல் முதலியன பற்றிய 27 சர்வதேச சமவாயங்களைக் கடைப்பிடிக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இலங்கை 2010 ஓகஸ்டில் இதனை இழந்து 2017 மே மாதத்தில் மீண்டும் பெற்றது. சலுகை போனால் தேயிலையை விட ஆடைத் தொழிற்சாலைகளுக்கே பாதிப்பு அதிகம். லயத்திலிருந்து அங்கு வேலைக்குப் போன அக்காமாரை நினைத்துக்கொண்டால் இந்தப் பகுதி மறக்காது.

பயிற்சி வினா: உமது பிரதேசத்திலிருந்து ஏற்றுமதியாகும் பொருள் ஒன்றைப் பெயரிடுக (புள்ளி 1). அதனைப் பாதிக்கும் சர்வதேச வர்த்தக விதிகள் இரண்டைக் குறிப்பிடுக (புள்ளிகள் 4). அவற்றுள் ஒன்று சிறு உற்பத்தியாளரைச் சென்றடையும் விதத்தைப் படிப்படியாக விளக்குக (புள்ளிகள் 5).