மாட்டுக்குக் கேட்ட மருந்து நாய்க்குக் கேட்குமா?

கேள்வி: டாக்டர் ஐயா, ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு காபித் தோட்டம் இருக்கிறது. போன வருஷம் மாட்டுக்கு மடிநோய் வந்தபோது கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசியே சரியாக்கினோம். அதிலிருந்து ஊசி, மாத்திரை என்றாலே மனசு ஒப்பவில்லை. இப்போது எங்கள் நாட்டு நாய் கருப்பனுக்குக் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி அப்பிக் கிடக்கிறது. தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுத் தடவுங்கள், சோற்றில் பூண்டு நசுக்கிப் போடுங்கள் என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். இரண்டு நாளாக அவன் சரியாகச் சாப்பிடாமல் படுத்தே கிடக்கிறான். இயற்கை முறையிலேயே குணமாக்க வழி சொல்லுங்கள்.
– வாசகி, நாகலூர்

பதில்: அம்மா, உடனே மருத்துவரிடம் கூட்டிப் போகும்படி கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குப் போனில் சொல்லிவிட்டேன். ஏன் என்பதை மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

உண்ணி அப்பிய நாய் சோற்றை ஒதுக்கிவிட்டுப் படுத்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்குமோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். நாட்டு நாய்களில் பலவற்றுக்கு ஈறே கறுப்பு. அப்படியானால் கீழ் இமையை மெல்ல இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். வெளுத்திருந்தாலோ, மூக்கில் ரத்தம் கசிந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. மருத்துவர் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். எர்லிச்சியா கிருமி என்றால் டாக்சிசைக்ளின் மாத்திரை, பெரும்பாலும் நான்கு வாரம். பேபிசியா என்றால் மருந்து வேறு. ரத்த அணுவுக்குள் புகுந்த கிருமியைக் கஷாயத்தால் விரட்ட முடியாது.

கற்பூர எண்ணெய் வேண்டவே வேண்டாம். தடவியதை நாய் நக்கும். கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரும். பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை உடைப்பவை. உண்ணிக் காய்ச்சலில் ஏற்கெனவே ரத்தம் குறைந்த நாய்க்கு அதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் மீந்த பாராசிட்டமாலும் கூடாது.

உங்கள் மடிநோய் வைத்தியத்தை நான் மதிக்கிறேன். நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கும் முறை அது. ஆனால் அது மாட்டுக்கென்று பார்த்த மருந்து. அதுவும் மடிக்கு மேலே பூசுவது. அதே கற்றாழையை நாய் தின்றால் தோலுக்கடியில் உள்ள மஞ்சள் பால் பேதியாக்கிவிடும்.

இயற்கை முறைக்கு உங்கள் வீட்டிலேயே பெரிய வேலை காத்திருக்கிறது. ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி நாயை விட்டுக் கீழே விழும். சுவர் விரிசலிலோ கல் இடுக்கிலோ ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அவற்றிலிருந்து வரும் குஞ்சுகள் பல மாதம் பட்டினி கிடந்தும் சாகா. ஆகவே நாயை மட்டும் கழுவிக்கொண்டிருந்தால் தீராது. படுக்கும் சாக்கைக் கொதிநீரில் போட்டு வெயிலில் காயவையுங்கள். விரிசல்களைச் சிமென்ட் வைத்து அடையுங்கள். கொட்டிலைச் சுற்றி உண்ணிச்செடிப் புதரை வெட்டுங்கள். தினமும் சாயங்காலம் காது, கழுத்து, விரலிடுக்கு என்று கையால் தடவிப் பாருங்கள். உண்ணி தட்டுப்பட்டால் தோலை ஒட்டிச் சின்ன இடுக்கியால் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். விரலால் நசுக்காதீர்கள், மண்ணெண்ணெயும் தீக்குச்சியும் வேண்டாம். வேப்பிலை வேகவைத்த நீரில் குளிப்பாட்டினால் அரிப்பு அடங்கும். கடித்துக்கொண்டிருக்கும் உண்ணி அதற்கெல்லாம் அசையாது. உண்ணிக்கான மருந்தை நாயின் எடை பார்த்து மருத்துவர் கொடுப்பார், தயங்காமல் வாங்கிப் போடுங்கள்.

உடம்பு தேறச் சாப்பாடு முக்கியம். வெறும் சோறும் ரசமும் போதாது. முட்டை, எலும்பு நீக்கிய கோழி, வேகவைத்த பரங்கிக்காய் சேருங்கள். பழம் பறிக்கும் மாதங்களில் காபிக் களத்துப் பக்கம் அவனை விடாதீர்கள். காபிக்கொட்டையைத் தின்றால் அதிலுள்ள கஃபீன் நாயின் இதயத்தைத் தாறுமாறாகத் துடிக்க வைக்கும்.

கேள்வி: மே மாதம் ஏற்காடு கோடை விழாவின் நாய்க் கண்காட்சிக்கு எங்கள் லேப்ரடாரைக் கூட்டிப் போக ஆசை. காரில் மலை ஏறினாலே வாந்தி எடுக்கிறது. மாத்திரை இல்லாமல் வழி உண்டா?
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: உண்டு. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. வயிறு நிறைந்த நாய்க்குக் குமட்டத்தான் செய்யும். புறப்பட ஆறு மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டை நிறுத்துங்கள், தண்ணீர் கொஞ்சமாகக் கொடுக்கலாம். ஜன்னலைச் சற்றே இறக்கி, மெதுவாக ஓட்டி, பாதி வழியில் இறக்கி நடக்க விடுங்கள். இப்போதிருந்தே எஞ்சினை ஓட்டாமல் காரில் உட்காரவைத்துப் பழக்குங்கள். பிறகு தெருமுனை வரை, அப்புறம் அடிவாரம் வரை. பல நாய்களுக்கு இதுவே போதும்.

தடுப்பூசிக்கு மட்டும் மாற்று கேட்காதீர்கள். நாய்கள் கூடும் இடத்தில் பார்வோவும் டிஸ்டெம்பரும் எளிதில் தொற்றும். வெறிநோய் அறிகுறி தெரிந்துவிட்டால் அந்த நாயைக் காப்பாற்ற வழியே இல்லை. ஊசி உடம்பில் வேலை செய்ய நாள் எடுக்கும் என்பதால் விழாவுக்கு ஒரு மாதம் முன்பே போட்டு, சான்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.