இரக்கம் இருந்தது, கட்டணம்தான் இல்லை



தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் எடுத்துப் புகட்டியவரின் சம்பவத்தை நம் பிள்ளைகள் மத்ரஸாவில் படிக்கிறார்கள். வாயில்லா ஜீவனுக்கு இரங்குவது நன்மை என்பது நாம் அறிந்ததே. ஆனால் மனதில் இரக்கம் இருந்தும் கையில் காசு இல்லாதவர் என்ன செய்வார்? லண்டன் நகர வரலாறு ஒன்றை இம்மாதப் பாடமாகப் பார்ப்போம்.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். கிழக்கு லண்டனின் ஒயிட்சேப்பல், ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதி. அங்குள்ள ஏழைகளைச் சந்தித்து வந்த மரியா டிக்கின் என்ற பெண்மணி, சொறி பிடித்த நாய்களையும் காலொடிந்த பூனைகளையும் தெருக்களில் கண்டார். வளர்ப்பவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அவர் அப்படிச் சொல்லவில்லை. மருத்துவரிடம் கொடுக்க அவர்களிடம் பணம் இல்லை என்பதைப் புரிந்துகொண்டார்.

1917 நவம்பர் 17 அன்று, ஒயிட்சேப்பலில் ஒரு நிலவறையில் சிறு மருந்தகம் திறந்தார். எல்லா விலங்குகளுக்கும் சிகிச்சை இலவசம் என்று அறிவிப்பு வைத்தார். மக்கள் குவிந்தார்கள்; கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் போலீசாரே வர வேண்டியதாயிற்று. அலட்சியக்காரர்கள் என்று கருதப்பட்டவர்கள்தாம் அங்கே காத்து நின்றார்கள்.

'நோயுற்ற விலங்குகளுக்கான மக்கள் மருந்தகம்' என்ற பொருள்படும் பெயரில், பி.டி.எஸ்.ஏ. என்று அந்த அமைப்பு வளர்ந்தது. 1920களில் வண்டியிலேயே மருந்தகம் ஊர் ஊராகச் சென்றது. 1928இல் லண்டனை அடுத்த இல்ஃபோர்டில் விலங்கு மருத்துவமனை உருவானது.

எதிர்ப்பும் வந்தது. முறையான பட்டம் இல்லாதவர்கள் சிகிச்சை தருவதாகக் கால்நடை மருத்துவர்கள் ஆட்சேபித்தார்கள். அதில் நியாயம் இருந்தது. பிற்காலத்தில் தகுதி பெற்ற மருத்துவர்களே அங்கு சிகிச்சை அளிக்கலானார்கள். 1951இல் டிக்கின் மறைந்தார். அவர் தொடங்கிய அமைப்பு, வசதி குறைந்தோரின் செல்லப்பிராணிகளுக்கு இன்றும் உதவி வருகிறது.

இதில் நாம் கற்க வேண்டியவை:

1. ஒருவரைக் குறை சொல்லுமுன், அவரால் முடியாமல் போன காரணத்தைக் கேட்க வேண்டும்.

2. தொடங்கப் பெரிய கட்டடம் தேவையில்லை. ஒரு நிலவறை போதும்.

3. இலவசம் என்பதற்காகத் தரம் குறையலாகாது. ஏழைக்கும் தகுதியுள்ள மருத்துவரே தேவை.

நம் தெருவில் ஒரு வீட்டு ஆடோ பூனையோ நோயில் கிடந்தால், "ஏன் கவனிக்கவில்லை?" என்று கேட்பதற்குப் பதிலாக, "டாக்டரிடம் கொண்டுபோக நாங்கள் உதவட்டுமா?" என்று கேட்போம். இன்றிரவு பிள்ளைகளோடு அமர்ந்து இதைப் பேசிப் பாருங்கள்.